தெவிட்டு வாதமும் அதன் வீழ்ச்சியும்: கார்பன் டை ஆக்சைடு – புவி மேற்பரப்பு வெப்பநிலை விவாதம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் புவி மேற்பரப்பின் வெப்பநிலை உயருமா என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. இருக்கும் வாயுவே உறிஞ்சத்தக்க கதிர்கள் அனைத்தையும் உறிஞ்சிவிடுவதால் மேலும் சேரும் வாயுவுக்கு வேலை இல்லை என்னும் வாதம் இவ்விவாதத்தில் நெடுங்காலம் மேலோங்கி நின்றது. இக்கட்டுரை அதனைத் ‘தெவிட்டு வாதம்’ எனக் குறிப்பிட்டு, அதன் தோற்றம், நிலைபேறு, வீழ்ச்சி ஆகியவற்றை ஆராய்கின்றது. அளவீட்டுக் குறைகளைக் காட்டிலும் வினாவை அமைத்த முறையே அவ்வாதத்தின் முதன்மைப் பிழை என்பதும், தமிழில் பரவலாக வழங்கும் ‘பசுமை இல்லம்’, ‘போர்வை’ ஆகிய ஒப்புமைகள் அப்பிழைக்கு இன்றும் இடமளிக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: கார்பன் டை ஆக்சைடு, தெவிட்டு வாதம், பசுமை இல்ல விளைவு, உமிழ்வு உயரம், அறிவியல் தமிழ், கலைச்சொல்.

1. முன்னுரை

ஒரு கோட்பாட்டின் வரலாற்றை வெற்றி பெற்றோரின் வரிசையாக எழுதுவது எளிது. 1824இல் ஃபூரியர் வளிமண்டலம் வெப்பத்தைத் தக்கவைக்கும் தன்மையைச் சுட்டினார், 1856இல் அமெரிக்கரான யூனிஸ் ஃபூட், கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடி உருளை வெயிலில் பிறவற்றினும் மிகுதியாகச் சூடேறியதைக் கண்டார், 1859 முதல் இலண்டனில் ஜான் டிண்டால், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெப்பக் கதிரை உறிஞ்சுவதையும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதனைப் பெரும்பாலும் கடந்துசெல்ல விடுவதையும் அளந்து காட்டினார், 1896இல் சுவீடன் நாட்டு அரீனியஸ் கணக்கிட்டார், பின்வந்தோர் உறுதிசெய்தனர். தமிழில் இப்பொருள் குறித்து எழுதப்படும் அறிமுகங்கள் பல இவ்வரிசையையே பின்பற்றுகின்றன.

இவ்வரிசை தவறானதன்று, ஆனால் குறையுடையது. 1900ஆம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வானிலையியலார் பெரும்பாலோர் அரீனியஸின் கருத்தை ஏற்கவில்லை. அவர்கள் அறியாமையால் மறுக்கவில்லை. ஆய்வகச் சான்றைக் காட்டியே மறுத்தனர். அம்மறுப்பின் வலிமையை உணராதவர் அதன் பிழையையும் உணர இயலாது. அதே மறுப்பு இன்று வகுப்பறையில் ஒரு மாணவரின் வினாவாக எழும்போது, ‘அறிவியலாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்’ என்பது விடையாகாது. எனவே மறுப்பிலிருந்தே இவ்விவாதத்தை அணுகுவது தேவையாகின்றது.

2. அரீனியஸின் கணக்கு

1896 ஏப்ரலில் ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் வெளிவந்த அரீனியஸின் கட்டுரை, எதிர்கால வெப்பமாதலை முன்னுரைக்க எழுந்ததன்று. பனியுகங்கள் ஏன் தோன்றின என்பதே அதன் வினா. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால் வெப்பநிலை ஏறத்தாழ 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் உயரும் என அக்கட்டுரை கணித்தது. வாயுவின் அளவு பெருக்குத் தொடரில் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழக் கூட்டுத் தொடரில் உயரும் என்னும் அதன் விதி இன்றும் நிலைபெற்றுள்ளது.

எனினும் அக்கணக்கின் அடித்தளம் உறுதியானதன்று. நிலவொளியின் வெப்பக் கதிரை அளந்த லாங்லியின் தரவுகளை அரீனியஸ் பயன்படுத்தினார். கார்பன் டை ஆக்சைடு மிக வலிமையாக உறிஞ்சும் 15 மைக்ரோமீட்டர் அலைநீளப் பட்டையை அத்தரவுகள் போதிய நுட்பத்துடன் காட்டவில்லை. வளிமண்டலத்தை ஒரே அடுக்காகக் கொண்டதும், காற்றின் மேல்கீழ் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காததும் மேலும் இரு குறைகள். அவருடைய விடை இன்றைய மதிப்பீட்டுக்குச் சற்று அருகில் அமைந்ததில் தற்செயலுக்கும் பங்குண்டு. ‘1896இலேயே நிறுவப்பட்டுவிட்டது’ என்னும் புகழுரை வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. அன்று எழுந்தது மதிப்புமிக்க ஒரு கருதுகோளே.

3. ஆங்ஸ்ட்ராமின் மறுப்பு

அக்கருதுகோளை எதிர்த்தவர் நூட் ஆங்ஸ்ட்ராம். நீள அலகுக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராமின் மகனான இவர், அகச்சிவப்புக் கதிர் அளவீட்டில் தேர்ந்தவர். 1900இல் வெளியான இவரது ஆய்வில், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பப்பட்டு அதனூடே வெப்பக் கதிர் செலுத்தப்பட்டது. பின்னர் வாயுவின் அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. உறிஞ்சப்பட்ட கதிரின் அளவு அரிதாகவே மாறியது. இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்பட்டன. முதலாவது, உறிஞ்சற்பட்டை தெவிட்டிய நிலையை எய்திவிட்டது. இரண்டாவது, அப்பட்டையின் பெரும்பகுதியில் நீராவியும் உறிஞ்சுவதால் கார்பன் டை ஆக்சைட்டுக்குத் தனிப்பங்கு இல்லை. 1901இல் அமெரிக்க வானிலைத் துறையின் மாத இதழ் இம்முடிவை எடுத்துரைத்தது. அரீனியஸ் அதே ஆண்டில் மறுமொழி எழுதியபோதும் பெரும்பாலோர் கருத்து மாறவில்லை.

இவ்வாதத்தின் கவர்ச்சி அதன் எளிமையில் உள்ளது. ஏற்கெனவே முழுவதும் கறுப்பு வண்ணம் பூசிய சாளரத்தின்மேல் மேலும் ஒரு பூச்சுப் பூசினால் அறை மேலும் இருளாகாது. பள்ளி வேதியியலில் பயிலும் தெவிட்டிய கரைசலும் இவ்வாறே நினைவுக்கு வரும். அதற்குமேல் இடும் உப்பு கரையாமல் அடியில் தங்கும். ‘தெவிட்டு’ என்னும் சொல்லுக்குள்ளேயே ‘இனி ஏற்காது’ என்னும் பொருள் உள்ளது. சொல் தரும் இவ்வுறுதியே வாதத்துக்கும் உறுதி தருவதுபோல் தோன்றுகின்றது.

குழாயில் நிகழ்ந்த அளவில் இம்முடிவு பெருமளவு உண்மையே. ஆனால் குழாயில் இரு முனைகளுக்கும் இடையே வெப்பநிலையும் அழுத்தமும் மாறுவதில்லை. வளிமண்டலத்தில் உயரம் கூடக்கூட இரண்டும் குறைகின்றன. குழாயில் கேட்கத்தக்க வினா, ‘நுழைந்த கதிரில் எவ்வளவு வெளிவந்தது?’ என்பது. வளிமண்டலத்தில் கேட்க வேண்டிய வினா, ‘விண்வெளிக்குச் செல்லும் கதிர் எந்த உயரத்திலிருந்து, எந்த வெப்பநிலையில் புறப்படுகின்றது?’ என்பது. முதல் வினாவின் விடையை இரண்டாவதன் விடையாகக் கொண்டதே தெவிட்டு வாதத்தின் அடிப்படைப் பிழை.

4. மறக்கப்பட்ட விடை

இவ்விரண்டாம் வினாவும் அதன் விடையும் 1901இலேயே அச்சேறிவிட்டன என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க செய்தி. சுவீடன் நாட்டு வானிலையியலார் நில்ஸ் எக்ஹோம், இங்கிலாந்தின் இராயல் வானிலையியல் கழகத்தின் காலாண்டிதழில் எழுதிய நெடுங்கட்டுரையில் பின்வரும் கருத்தை முன்வைத்தார்: புவியின் வெப்பக் கதிர் தரையிலிருந்து நேரடியாக விண்வெளிக்குச் செல்வதில்லை, சராசரியாகத் தரைக்கு வெகு உயரத்திலுள்ள ஓர் அடுக்கிலிருந்தே செல்கின்றது. காற்றின் உறிஞ்சுதிறன் மிகுந்தால் அவ்வடுக்கு மேலும் உயரும். உயரும் அடுக்கு குளிர்ந்ததாதலால் குறைவாக உமிழும். எனவே தரை மேலும் வெப்பமடையும்.

தெவிட்டு வாதத்துக்கு இதுவே முழுமையான மறுப்பு. ஆயினும் அது பரவவில்லை. அதே கட்டுரையில் எக்ஹோம் வளிமண்டலத்தைப் பயிர் வளர்க்கும் கண்ணாடி இல்லத்துக்கும் ஒப்பிட்டிருந்தார். விளக்கம் மறக்கப்பட்டது, ஒப்புமை நிலைபெற்றது.

5. ஒப்புமையின் எல்லை

நிலைபெற்ற ஒப்புமையும் விரைவில் ஐயத்துக்குள்ளானது. 1909இல் அமெரிக்க இயற்பியலார் ஆர். டபிள்யூ. வுட் இரு கறுப்பு அட்டைப் பெட்டிகளை அமைத்தார். ஒன்றைக் கண்ணாடித் தகட்டாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிரைக் கடத்தும் பாறை உப்புத் தகட்டாலும் மூடினார். சூரியக் கதிர் இரண்டுக்கும் ஒரே தன்மையில் சேருமாறு முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் வழியே செலுத்தினார். இரு பெட்டிகளும் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸை எட்டின. வேறுபாடு ஒரு டிகிரி அளவுகூடத் தெளிவாக இல்லை. கண்ணாடி இல்லம் வெப்பமாயிருப்பதற்கு முதன்மைக் காரணம், உள்ளே சூடேறிய காற்று வெளியேற இயலாமல் அடைபட்டிருப்பதே என வுட் முடிவுசெய்தார்.

கண்ணாடி இல்லத்தைப் பொறுத்தவரை இம்முடிவு ஏற்கத்தக்கது. ஆனால் வளிமண்டலத்தில் வாயுக்களின் பங்கை மறுக்க இதனைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. ஒப்புமை பொய்த்தது என்பதால் ஒப்பிடப்பட்ட பொருள் பொய்யாகிவிடாது. சில அங்குல ஆழமுள்ள பெட்டியில் உயரத்திற்கேற்பக் குளிரும் காற்றடுக்குகள் இல்லை. அவ்வடுக்குகள் இல்லாத இடத்தில் உமிழ்வு உயரம் என்னும் கருத்துக்கே இடமில்லை. ஆங்ஸ்ட்ராமின் குழாயில் இல்லாதது எதுவோ, அதுவே வுட்டின் பெட்டியிலும் இல்லை.

6. கேலெண்டரும் சிம்சனும்

1938இல் கை ஸ்டீவர்ட் கேலெண்டர் இராயல் வானிலையியல் கழகத்தின்முன் ஒரு கட்டுரை படித்தார். நீராவிப் பொறியியலாளரான அவர் தொழில்முறை வானிலையியலார் அல்லர். எரிபொருள் எரிப்பால் காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கு 0.003 டிகிரி அளவில் வெப்பநிலையை உயர்த்தும் என்று அவர் கணித்தார். வானிலை நிலையங்களின் பதிவுகளோ முந்தைய ஐம்பது ஆண்டுகளில் ஆண்டுக்கு 0.005 டிகிரி உயர்வைக் காட்டுவதாகவும் அவர் நிறுவினார். இவ்வுயர்வு வடபுல வேளாண்மைக்கு நன்மை பயக்கும் என்பது அவர் எண்ணம்.

கூட்டத்தில் எழுந்த எதிர்ப்புகளில் சர் ஜார்ஜ் சிம்சனின் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. வளிமண்டலம் கதிர்வீச்சுச் சமநிலையில் இல்லை. காற்றின் இயக்கத்தாலும் வெப்பம் இடம்பெயர்கின்றது. ஆகவே கதிர்வீச்சை மட்டும் கணக்கிட்டு வெப்பநிலையை அறிய இயலாது என்றார் அவர். இதனைப் பழமைவாதம் எனத் தள்ளுவது நேர்மையன்று. தரையிலிருந்து மேலெழும் வெப்பத்தில் பெரும்பங்கு வெப்பச்சலனத்தாலும் நீராவியாலும் செல்கின்றது. தரைக்கு அருகிலுள்ள கதிர்வீச்சை மட்டும் நோக்கும் எந்தக் கணக்கும் இக்கேள்விக்கு விடையளிக்க இயலாது. கேலெண்டரின் முடிவு பெரும்பாலும் சரி. சிம்சனின் ஆட்சேபமும் சரி. கதிர்வீச்சையும் வெப்பச்சலனத்தையும் ஒருங்கே கருதும் முறை ஒன்றே இரண்டையும் இணைக்கவல்லது. அத்தகைய கணக்கை 1931இலேயே அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ஈ. ஓ. ஹல்பர்ட் வெளியிட்டு, இருமடங்கான கார்பன் டை ஆக்சைட்டுக்கு ஏறத்தாழ 4 டிகிரி உயர்வு எனக் கண்டிருந்தார். இயற்பியல் இதழில் வெளிவந்த அக்கட்டுரை வானிலையியலாரின் கவனத்தைப் பெறவில்லை.

7. வினா மாறியபின்

1956இல் கில்பர்ட் பிளாஸ், நுட்பமான அகச்சிவப்பு அளவீடுகளையும் கணிப்பொறியையும் பயன்படுத்தி வளிமண்டலத்தை அடுக்கடுக்காகக் கணக்கிட்டார். இரு செய்திகள் தெளிவாயின. முதலாவது, உறிஞ்சற்பட்டை என்பது ஒரே தொடர்ச்சியான தடுப்பு அன்று. எண்ணற்ற மெல்லிய கோடுகளின் தொகுப்பு. மேலே அழுத்தம் குறையக்குறைய அக்கோடுகள் ஒடுங்கி, இடைவெளிகள் தோன்றுகின்றன. பட்டையின் நடுப்பகுதி தெவிட்டினாலும் அதன் ஓரங்கள் தெவிட்டுவதில்லை. இரண்டாவது, நீராவியின் பெரும்பகுதி கீழே சில கிலோமீட்டருக்குள் அடங்குகின்றது; கார்பன் டை ஆக்சைடோ மிக உயரம் வரை சீராகக் கலந்துள்ளது. கதிர் விண்வெளிக்குப் புறப்படும் வறண்ட உயரங்களில் நீராவி கார்பன் டை ஆக்சைட்டை மறைப்பதில்லை. ஆங்ஸ்ட்ராமின் இரு முடிவுகளும் இவ்வாறு தளர்ந்தன. எனினும் பிளாஸ் பெற்ற 3.6 டிகிரி என்னும் விடை மேற்பரப்புக் கணக்கையே சார்ந்திருந்தமையால் சிம்சனின் ஆட்சேபம் எஞ்சியிருந்தது.

அதனைத் தீர்த்தவர்கள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்டு வெதரால்டும். 1967இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, கதிர்வீச்சையும் வெப்பச்சலனத்தையும் ஒருங்கிணைத்து, ஒப்பு ஈரப்பதம் மாறாது எனக் கொண்டு, இருமடங்கான கார்பன் டை ஆக்சைட்டுக்கு ஏறத்தாழ 2 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட உயர்வைக் கணித்தது. வெப்பச்சலனம் இங்கு மறுப்பாக அன்றி விளக்கத்தின் உறுப்பாக அமைகின்றது. தரையையும் கீழடுக்கின் உயரங்களையும் ஒரே வெப்பக் குறைவு வீதத்தால் பிணைப்பது அதுவே. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதன் உட்கருத்தை எளிய கணக்கால் காட்டலாம். விண்வெளியிலிருந்து நோக்கின் புவி சராசரியாக −18 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையுள்ள பொருளைப்போல் கதிர் உமிழ்கின்றது. மேற்பரப்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி. இடைப்பட்ட வேறுபாடு 33 டிகிரி. கீழடுக்கில் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைவதால், உமிழ்வு நிகழும் சராசரி உயரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆகின்றது. வாயு மிகுந்து இவ்வுயரம் 150 மீட்டர் கூடினால், மீண்டும் சமநிலை எய்தும்போது தரையின் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி உயர்ந்திருக்கும். அலைநீளந்தோறும் உமிழ்வு உயரம் வேறுபடும் என்பதால் இது ஒரு சராசரிக் கணக்கே. எனினும் தரைக்கு அருகில் கதிர் முழுவதும் உறிஞ்சப்பட்டுவிட்டதா என்பது இக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை என்பதே கருதத்தக்கது.

8. கண்காணிப்புச் சான்றுகள்

கணக்கு மட்டும் விவாதத்தை முடித்துவைப்பதில்லை. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளவீட்டைத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 313 பங்காயிருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐக் கடந்துவிட்டது. 1970இல் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் பதிவுசெய்த நிறமாலையில், 15 மைக்ரோமீட்டரை ஒட்டி ஓர் ஆழமான பள்ளம் காணப்படுகின்றது. அப்பட்டையில் கதிர் மிக உயர்ந்த குளிர்ந்த அடுக்கிலிருந்து புறப்படுவதை அது நேரடியாகக் காட்டுகின்றது. அப்பதிவை 1997ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் பதிவுடன் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வு, தெவிட்டியதாகக் கருதப்பட்ட பட்டையின் ஓரங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருப்பதைக் கண்டது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஓக்லஹோமா, அலாஸ்கா ஆகிய இரு இடங்களில் கார்பன் டை ஆக்சைட்டால் தரையை வந்தடையும் கதிராற்றல் பத்தாண்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.2 வாட் அளவில் கூடியதை அளந்தது.

இவற்றினும் நுண்ணியது மீள் அடுக்கின் குளிர்ச்சி. சூரிய ஒளி மிகுந்து புவி வெப்பமடையுமாயின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே வெப்பமடைதல் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணமாயின் தரை வெப்பமடைய, மீள் அடுக்கு குளிரும் என 1967ஆம் ஆண்டுக் கணக்கு காட்டியது. பின்வந்த அளவீடுகள் அக்குளிர்ச்சியை உறுதிசெய்தன. ஓசோன் குறைவுக்கும் இதில் பங்குண்டு. எனினும் அது மட்டுமே குளிர்ச்சி முழுவதையும் விளக்கப் போதாது.

9. தமிழ் விளக்கங்களின் நிலை

இவ்வரலாற்றின் ஒளியில் தமிழ் வழக்கை நோக்குதல் தகும். தமிழ்நாட்டில் ‘பசுமை இல்ல விளைவு’, ‘பசுங்குடில் விளைவு’ என்றும், இலங்கையில் ‘பச்சைவீட்டு விளைவு’ என்றும் இது வழங்குகின்றது. இல்லம், குடில், வீடு எனச் சொல் வேறுபட்டாலும் மூன்றும் கூரையும் சுவரும் கொண்ட அடைப்பையே மனத்தில் எழுப்புகின்றன. விளக்கவுரைகளில் இவற்றுடன் ‘புவியைப் போர்த்திய போர்வை’ என்னும் தொடரும் சேர்கின்றது. கண்ணாடி வெப்பத்தை அடைக்கின்றது என்று படித்த மாணவருக்கு வுட்டின் ஆய்வு முழு மறுப்பாகத் தோன்றும். வாயு கதிரை உறிஞ்சுவதால் வெப்பம் என்று மட்டும் படித்தவருக்கு ஆங்ஸ்ட்ராமின் வாதம் விடையற்றதாகத் தோன்றும். மறுப்பாளரின் திறமையால் அன்றி, விளக்கத்தின் குறையாலேயே இவ்விடர் நேர்கின்றது.

பெயரை மாற்றுவது இதற்குத் தீர்வாகாது. வழக்கில் வேரூன்றிய சொல்லை அகற்ற முயல்வது புதிய குழப்பத்துக்கே வழிவகுக்கும். இலக்கண நூலார் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்த முறை இங்குத் துணைசெய்யும். ‘பசுமை இல்ல விளைவு’ என்பது தோற்றத்தில் காரணப்பெயர். பயன்பாட்டில் அதனை இடுகுறிப்பெயராகவே கொள்ளுதல் வேண்டும். பெயரிலிருந்து காரணத்தை வருவிக்காமல், காரணத்தைத் தனியே கற்பித்தல் வேண்டும். ‘உமிழ்வு உயரம்’ என்னும் கலைச்சொல்லும், மேலே காட்டிய எளிய கணக்கும் அதற்குப் போதியவை. உயரம் கூடினால் குளிரும் என்பதை உதகைக்கோ நுவரெலியாவுக்கோ சென்ற எவரும் அறிவர். அவ்வறிவே இவ்விளக்கத்தின் பாதி.

10. எஞ்சும் விவாதம்

தெவிட்டு வாதம் வீழ்ந்தமையால் விவாதம் முற்றுப்பெற்றதாகாது. கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால், பிற மாற்றங்கள் இல்லாதபோது, வெப்பநிலை ஏறத்தாழ 1.2 டிகிரி உயரும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நீராவி, பனிப்பரப்பு, மேகம் ஆகியவற்றின் பின்னூட்டங்கள் அதனை எவ்வளவு பெருக்கும் என்பதே உரிய வினா. 1979ஆம் ஆண்டின் சார்னி அறிக்கை 1.5 முதல் 4.5 டிகிரி என்னும் வரம்பைத் தந்தது. வெப்பமண்டல உயர்மேகங்கள் சுருங்கி வெப்பமாதலைத் தணிக்கக்கூடும் என ரிச்சர்டு லிண்ட்சனும் பிறரும் 2001இல் முன்வைத்த கருதுகோள் இவ்வெல்லைக்குள் எழுந்த முறையான விவாதமே. பின்வந்த ஆய்வுகள் அதன் வலிய வடிவத்தை ஆதரிக்கவில்லை. 2021இல் பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு, வாய்ப்புமிக்க வரம்பை 2.5 முதல் 4 டிகிரி எனக் குறுக்கியது. எவ்வளவு என்னும் ஐயத்தை, உண்டா இல்லையா என்னும் ஐயமாகக் காட்டுவது பிழை. எவ்வளவு என்பதில் ஐயமே இல்லை எனக் கூறுவதும் பிழையே.

முடிவுரை

அரீனியஸின் கணக்கு குறையுடையதாயினும் அதன் திசை சரியானது. ஆங்ஸ்ட்ராமின் அளவீடு குழாய்க்குப் பெருமளவு பொருந்துவதாயினும் வளிமண்டலத்துக்குப் பொருந்தாதது. சிம்சனின் ஆட்சேபம் முறையானது. அதனை உள்வாங்கியபின்னரே கோட்பாடு முழுமை பெற்றது. எக்ஹோமின் விடை அச்சிலிருந்தும் பயன்படாமற்போக, அவருடைய ஒப்புமை மட்டும் எஞ்சியது. நினைவில் எளிதில் நிற்கும் ஒப்புமை, உரிய விளக்கத்தை வெளியேற்றிவிடக்கூடும் என்பதே இவ்விவாதம் அறிவியல் தமிழுக்குத் தரும் படிப்பினை. எனவே பாடநூல்களும் அறிமுக நூல்களும் ‘எவ்வளவு உறிஞ்சப்படுகின்றது’ என்னும் வினாவுடன் நின்றுவிடாமல், ‘எங்கிருந்து வெளியேறுகின்றது’ என்னும் வினாவை முதன்மைப்படுத்துதல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவர் தெவிட்டு வாதத்தை எதிர்கொள்ளும்போது, பிறர் ஏற்றதைச் சான்றாகக் காட்ட வேண்டியதில்லை. காரணத்தைத் தாமே எடுத்துரைக்க இயலும்.